பதினொன்று இல்லை, ஏழு

மார்ச் 4, செவ்வாய் இரவு

பெரியம்மா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையில் யாராவது கேட்டால் ஏதோ அரசாங்கத் தாள் என்று சொல்லிவிடுங்கள். படித்ததும் கிழித்து ஆற்றில் போட்டுவிடுங்கள். இல்லை, வேண்டாம். ஆற்றில் எதையும் போட அம்மா விடமாட்டாள். அடுப்பில் போடுங்கள்.

நான் உங்களுக்கு எழுதுவது தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை. அவர் அடிக்கிற ஆள் இல்லை, அதுதான் பயம். அடிக்கிறவராக இருந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம். அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். போன மாதம் சாப்பாட்டு மேசையில், "பெரியம்மா இருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. மருந்துக்கடையை மூடிவிட்டு வருவார், கை கழுவுவார், சாப்பிடுவார், செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் விரித்துக்கொள்வார். அம்மா போன பிறகு எங்களோடு வந்து தங்கியிருக்கும் அத்தைதான் நடுவில் நின்று, "உங்கப்பா உப்பு கேட்கிறான்" என்று எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனைக் கூடத்தில் அம்மாவுக்கு முதல் ஆண்டு நினைவுக் கூட்டம். சுவரில் ஒரு பித்தளைத் தகடு பதிக்கப்போகிறார்கள். அதில் என்ன வெட்டியிருக்கிறது தெரியுமா? "இந்த ஆற்றில் பதினொரு நீர்நாய்களைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன விலங்கியலாளர். பத்து ஆண்டுகள் இக்கூடத்தின் குழந்தைகளுக்கு ஆசிரியை. அன்பு மனைவி, தாய்." அதற்குக் கீழே தேதிகள். அதை நான்தான் எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டுமாம். கூடவே அப்பா எழுதிக் கொடுத்த ஒரு பக்கமும் இருக்கிறது. அதிலும் பதினொன்று.

பதினொன்று இல்லை, ஏழு. உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அம்மா தன் கட்டுரையில் பதினொன்று என்று எழுதினாள், பிறகு அது தப்பு என்று தானே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். அதனால்தான் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் பதவி போயிற்று, அதனால்தான் கடைசி வரைக்கும் அதே நிலையத்தின் நிலவறையில் உட்கார்ந்து கண்ணாடிக் குடுவைகளுக்கு லேபிள் ஒட்டினாள். அவ்வளவு கொடுத்து அவள் சரிசெய்த எண்ணை இவர்கள் பித்தளையில் திரும்பவும் தப்பாக வெட்டிவைப்பார்களாம், அதை அவள் மகளே படிப்பாளாம்.

நான் படிக்க மாட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்ற அந்தக் கடிதத்தின் முதல் பிரதி உங்களிடம் இருக்கிறது. படகில் உட்கார்ந்து எழுதியதாக அம்மாவே சொல்லியிருக்கிறாள். எனக்கு அதை அனுப்புங்கள். தகட்டுக்குப் பதிலாக அதை வாசிக்கப்போகிறேன். வீட்டு முகவரிக்கு வேண்டாம். பள்ளிக்கூட நூலக மிஸ் பெயருக்கு அனுப்புங்கள். அவர் எதுவும் கேட்கமாட்டார். அம்மாவிடம் படித்தவர்.

அத்தை இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

எறும்பு


மார்ச் 8, சனி

அடி எறும்பு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு மேலே கயிற்றுச் சுருளை வைத்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறவளை எரிக்கச் சொல்கிறாயே, உனக்கு என்ன மனசு!

கையெழுத்து மோசமாகியிருக்கிறது. துண்டைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறாயா? கண் கெட்டுப்போகும்.

கடிதம் இருக்கிறது. அனுப்பமாட்டேன்.

கோபப்படாமல் கேள். நான் ஆற்றில் இருக்கிறவள். எனக்குப் பிடிக்காத ஆள் வந்தால் படகை நடு ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். நீ அந்த வீட்டில் இன்னும் நாலு வருடம் இருக்க வேண்டும். அந்த மேசையில் சாப்பிட வேண்டும். உன் அப்பாவோடு எனக்குச் சண்டைதான், ஆனால் அவர் கெட்ட மனிதர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உன் அம்மா காலையில் சேற்றோடு நேராகக் கூடத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். அவள் மேல் மீன் நாற்றம் அடிக்கும். சுற்றி ஒருவரும் உட்காரமாட்டார்கள். அந்த மனுஷன் வெள்ளைச் சட்டையோடு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்காருவார். ஒருமுறை இல்லை, எல்லா ஞாயிறும். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் சண்டை போட்டது எண்ணிக்கைக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். இல்லை. அவளைப் புதைத்த அன்று நான் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பார்த்து, "மருந்துக் கடைக்காரன் பொண்டாட்டி மருந்து இல்லாம செத்தா" என்று சொன்னேன். ஆற்றுத் தண்ணீரில் தொற்றும் எலிக்காய்ச்சல் என்று தெரியாமல் முதல் இரண்டு நாளும் அவர் சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதான் கொடுத்தார். அவர் பதிலுக்கு, "அந்தத் தண்ணிக்குள்ள அவளை இறக்குனவ நீ" என்றார். இரண்டும் உண்மை. அதனால்தான் இரண்டு பேருக்கும் ஆறவில்லை.

ஆறு இப்போது வற்றிக் கிடக்கிறது. நேற்று மூன்று பேரைப் பார்த்தேன். ஒருத்தி குட்டிக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அரைகுறையாகக் கடித்த மீனைத் தண்ணீரில் விடுகிறாள், அது பிடிக்கப் போனால் தானே போய்ப் பிடித்துவிடுகிறாள். பொறுமை இல்லாத வாத்தியார். உன் அம்மா இருந்தால் மடி நோட்டில் எழுதியிருப்பாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுதவில்லை.

தகட்டைப் படித்துவிட்டு வந்து உட்கார். எத்தனை என்று ஆற்றுக்குத் தெரியும்.

பெரியம்மா


மார்ச் 11, செவ்வாய் இரவு

பெரியம்மா,

ஆற்றுக்குத் தெரிந்து என்ன பயன்? ஆறு வந்து கூடத்தில் எழுந்து நின்று பேசுமா?

நீங்கள் பயப்படுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. முதலையைத் துடுப்பால் தட்டி விரட்டியதாகச் சொல்வீர்களே, அதுவும் பதினொன்று மாதிரிதானா?

மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரியை அடிக்கமாட்டேன். அம்மா எழுதியதை அடித்து அழிக்கமாட்டாள், நானும் அழிக்கமாட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பதினொன்றுக்கும் நான்தான் பெயர் வைத்தேன். அம்மா வரைந்த முகங்களையும் நீங்கள் வரைந்த முகங்களையும் சமையலறைச் சுவரில் ஒட்டி, தினமும் பள்ளிக்குப் போகும்போது ஒவ்வொன்றிடமும் போய்வருகிறேன் என்று சொல்வேன். கிழிசல், பால்பொட்டு, தூங்குமூஞ்சி, மகாராணி, இன்ஸ்பெக்டர். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தால் அம்மா என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எறும்பு, நாலு பேர் இல்லடா" என்றாள். செத்துவிட்டார்கள் என்று நினைத்து அழுதேன். "சாகல. எப்பவும் இருந்ததே இல்ல. கிழிசலும் பால்பொட்டும் ஒரே ஆள்தான். கிழிசல் அதோட இடது முகம், பால்பொட்டு வலது முகம்." எனக்கு இன்னும் அதிகமாக அழுகை வந்தது. செத்தவர்களுக்காக அழலாம், இல்லாதவர்களுக்காக எப்படி அழுவது? அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "நானும் படகுல அழுதுட்டுத்தான் வந்தேன்" என்றாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சுவரிலிருந்து நான்கு தாள்களை எடுத்தோம். அன்று ராத்திரி ஜெபம் சொல்லும்போது, "இல்லாத நாலு பேருக்காகவும் நன்றி, அவங்க எங்களுக்குப் புத்தி சொன்னாங்க" என்றாள். அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

அவள் எனக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். அதனால் நான் இதைச் செய்யாமல் இருக்க முடியாது. உங்களுக்குப் புரிகிறதா, முடியாது.

நேற்று அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கூடத்திலிருந்து வந்த அழைப்பிதழ்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது ஏழு."

"எது?"

"நீர்நாய். தகட்டுல பதினொன்னுன்னு இருக்கு."

அவர் உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். இன்னொன்றை எடுத்தார். அதையும் ஒட்டினார்.

"அந்தக் கடிதம் வந்த அப்புறம் ஆறு மாசம் ஊர் என்ன பேசிச்சு தெரியுமா உனக்கு? தலைவலி மாத்திரை வாங்க வர்றவன்கூட, 'என்ன சார், வீட்ல பிள்ளைங்க எத்தனை, ஒன்னா ரெண்டா, நல்லா எண்ணிட்டீங்களா'ன்னு சிரிச்சான். நான் சில்லறையைக் கொடுத்து அனுப்பினேன். உங்கம்மா எதையும் காதுல போட்டுக்கல. நான் போட்டுக்கிட்டேன். செத்துப்போனவ மேல மறுபடியும் அந்தச் சேத்தை அள்ளிப் பூசணுமா?"

"அது சேறு இல்லப்பா."

"கூடத்துப் பெரியவங்க கட்டுரையைப் படிச்சவங்க. முதல்ல வந்ததைத்தான் எல்லாரும் நினைவு வெச்சிருக்காங்க. அப்படியே இருக்கட்டும். நீ வாசி, போதும்."

அத்தை உள்ளேயிருந்து, "அப்பன்கிட்ட எதிர்த்துப் பேசுற வாயைப் பாரு. அப்படியே அவ பெரியம்மா வாய்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் இப்போது நீங்கள் என்னோடு இல்லை. நீங்களே கண்டுபிடித்த தப்பு இது. அம்மாவிடம் முதலில் சொன்னதே நீங்கள்தான். உங்களுக்கே அதைச் சொல்லத் தைரியம் இல்லையென்றால் எனக்கு எங்கிருந்து வரும்? ஏன் அனுப்பமாட்டேன் என்கிறீர்கள்? என் அப்பாவுக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சின்னப் பெண் இல்லை.

எறும்பு


மார்ச் 15, சனி

எறும்பு,

முதலை விஷயம் உண்மை. சின்ன முதலை.

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கேட்டாய் அல்லவா, ஏன் அனுப்பமாட்டேன் என்று. உன் அப்பாவுக்காக இல்லை. எனக்காக.

நாங்கள் எண்ணின விதம் உனக்குத் தெரியும். காலையில் நீர்நாய்கள் நீரை எதிர்த்து மேலேதான் போகும். படகை நடு ஆற்றில் நிறுத்திக்கொள்வோம். இடது கரையோரம் போகிறவற்றை அவள் பார்த்து அவள் நோட்டில் வரைவாள். வலது கரையோரம் போகிறவற்றை நான் பார்த்து என் நோட்டில் வரைவேன். உதட்டிலும் தொண்டையிலும் இருக்கிற வெள்ளைத் திட்டுதான் அடையாளம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் தோன்றவே இல்லை. இடது கரையோரம் போகிற ஆளின் ஒரு முகம் மட்டும்தான் படகுக்குத் தெரியும். அதே ஆள் மறுநாள் வலது கரையோரம் போனால் மறு முகம்தான் தெரியும். திட்டு இரண்டு பக்கமும் வேறு வேறு. ஆறு வருடம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டு எண்ணியிருக்கிறோம்.

கட்டுரை அச்சுக்குப் போவதற்கு முன்னால் திருத்திக் கொடுக்க மெய்ப்பு வந்தது. அவள் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில், ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் பெயர், புகைப்படக்காரர் பெயர், தட்டச்சு செய்த பெண்ணின் பெயர்கூட இருந்தது. அப்புறம், "உள்ளூர்ப் படகோட்டி ஒருவருக்கும்." அவ்வளவுதான். ஆறு வருடம் குளிரில் விறைத்த என் கை, ஒருவர். அவள் கவனித்திருக்கவே மாட்டாள். அவளுக்கு அந்த மாதிரி எதுவும் கண்ணில் படாது. எனக்குப் பட்டது. சொல்லவில்லை. "நல்லா இருக்குடி" என்றேன்.

ஐந்து நாள் கழித்து நான் தனியாக வலை எடுக்கப் போனேன். பாறை மேல் ஒருத்தி மீன் தின்றுகொண்டிருந்தாள். முள் தொண்டையில் குத்தியதோ என்னவோ, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றினாள். ஒரு பக்கம் கிழிசல். மறு பக்கம் பால்பொட்டு. எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தேன்.

அச்சுக்குப் போக அப்போது பதினெட்டு நாள் இருந்தது.

நான் சொல்லவில்லை. உள்ளூர்ப் படகோட்டி ஒருவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இதழ் வெளியாகி ஒரு வாரம் கழித்து, படகில் ஏதோ ஒரு சில்லறைச் சண்டையில் அவள் முகத்துக்கு நேராக எறிந்தேன். "உனக்கு எண்ணவே தெரியாது, நாலு பேரை ரெண்டு தடவை எண்ணியிருக்க" என்று. அவள் என்னைப் பார்த்து, "அப்போ அந்த நாலு பேர்?" என்று மட்டும் கேட்டாள். அழுதாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதினாள். நான் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. பதினெட்டு நாளுக்குள் சொல்லியிருந்தால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். பதவி போயிருக்காது, நிலவறை இல்லை, ஊர்ச் சிரிப்பு இல்லை.

உன் அப்பாவுக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாமலே போய்விட்டது.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு வாக்கியம் பொய். "என் அக்கா கண்டவுடனே என்னிடம் சொல்லிவிட்டார்." அது அவள் சொன்ன பொய் இல்லை, என்னுடையது. நீ வாசிப்பதென்றால் அந்த இடத்தையும் சரிசெய்து வாசி. இப்படிச் சொல்: "படகோட்டி பதினெட்டு நாளும் அதற்கு மேலும் மறைத்தார். இதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்." வேறெதுவும் சேர்க்காதே, எனக்காகப் பரிந்து பேசாதே.

உன் அப்பாவைப் பற்றிப் புதைகுழி அருகில் சொன்னதையும் திரும்பப் பெறலாமா என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. அதை எழுத இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

பெரியம்மா


(உடன் வைத்திருந்த தாள்)

இதழாசிரியர் அவர்களுக்கு,

நீர்நாய்கள் பற்றிய என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். பதினொன்று என்று எழுதியிருந்தேன். ஏழுதான். இடது கரையில் நான் கண்ட முகங்களையும் வலது கரையில் என் அக்கா கண்ட முகங்களையும் வேறு வேறு விலங்குகளாக எண்ணிவிட்டேன். நான்கு விலங்குகள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன. இந்த முறையை வகுத்தவள் நான், தவறு என்னுடையது. என் அக்கா கண்டவுடனே என்னிடம் சொல்லிவிட்டார்.

இனி எழுதுவது உங்கள் இதழுக்குத் தேவையில்லாதது, வேண்டாமென்றால் வெட்டிவிடுங்கள். நான் கடவுளை நம்புகிறவள். அவர் படைக்காத நான்கு விலங்குகளை நான் ஆற்றில் சேர்த்துவிட்டேன். அவற்றை அப்படியே விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் நின்று என்னால் பாட முடியாது. என் கணவர் என் பக்கத்தில் நின்று பாடுவார். அவருக்குப் பக்கத்தில் பொய்யாக நிற்க எனக்கு விருப்பமில்லை.


மார்ச் 18, செவ்வாய் இரவு

பெரியம்மா,

இரண்டு நாள் உங்கள் மேல் எனக்குக் கோபம். இன்னமும் கொஞ்சம் இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பதினெட்டு நாள் என்பதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அது ரொம்ப நீளம்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்க வேண்டியதில்லை. கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்கிறேன்: அந்த வாக்கியத்தைத் திருத்தித்தான் வாசிப்பேன். பரிந்து பேசமாட்டேன்.

கடைசிப் பகுதியை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. இதழில் வந்ததில் அது இல்லை. வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அப்பாவும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போக முடியாது. கிளம்பும் முன்னால் அப்பா என் கையில் இருப்பதைச் சரிபார்ப்பார். அதனால் மனப்பாடம் செய்கிறேன். ஹாலில் அப்பா முன்னால் அவருடைய பக்கத்தை மூன்று முறை வாசித்துக் காட்டினேன். "பதினொரு"வில் என் குரல் ஏறுகிறது என்று பாராட்டினார். அவர் பாராட்டி எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

இன்று காலை அத்தை என் விரலில் மை பார்த்துவிட்டார். "ராத்திரி என்னடி எழுதுற?" என்றார். வீட்டுப்பாடம் என்றேன். "விடிய விடிய வீட்டுப்பாடம் எழுதுறவ கணக்குல முப்பத்தெட்டு எப்படி வாங்குவா?" என்றார். அவர் அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. கூடத்துப் பெரியவரை நினைத்தால் பயம். கால் நடுங்கி மேடையில் விழுந்துவிடுவேனோ என்று பயம். எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது, ஆனாலும் செய்வேன்.

நீங்கள் வருவீர்களா?

எறும்பு


மார்ச் 20, வியாழன்

எறும்பு,

வரமாட்டேன். நான் வந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள், நீ சொல்வதைக் கேட்கமாட்டார்கள். அன்று காலை அவளுக்குப் பதிலாக எண்ணப் போகிறேன். இரண்டு கரையையும் நானே பார்ப்பேன்.

கால் நடுங்கினால் ஒன்று செய். படகில் நிற்கிறவர்கள் முழங்காலை விறைப்பாக வைத்தால்தான் விழுவார்கள். லேசாக மடக்கி நில். யாருக்கும் தெரியாது. அப்புறம், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பேசு. அவள் உட்கார்ந்த இடம் அது.

வேண்டாம் என்று தோன்றினால் கடைசி நொடியில்கூட விட்டுவிடு. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். நான் பதினெட்டு நாள் விட்டவள்.

பெரியம்மா


மார்ச் 23, ஞாயிறு இரவு

பெரியம்மா,

வாசித்துவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன், இல்லையென்றால் மறந்துவிடும். கூடம் நிறைந்திருந்தது. அம்மாவிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தகடு ஒரு துணிக்குள் சுவரோரம் சாய்ந்திருந்தது. ஆணி அடிக்கிறவர் பக்கத்தில் சுத்தியலோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அப்பா என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், தலையசைத்தார். போனேன்.

அப்பாவின் பக்கத்தில் முதல் பாதி உண்மை. அதை ஒழுங்காக வாசித்தேன். பத்து வருடம் பாடம் எடுத்தது, குழந்தைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனது, ஒருமுறை எங்கள் குளிர்பெட்டியில் அவள் வைத்திருந்த நீர்நாய் எச்சத்தை, விருந்துக்கு வந்திருந்த அத்தை மிளகுப்பொடி என்று நினைத்து மோந்து பார்த்தது (இதை நானே சேர்த்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள், அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்). பதினொன்று வந்தது. தாளை மடித்தேன்.

"இங்க பதினொன்னுன்னு எழுதியிருக்கு. அது தப்பு. எங்கம்மாவே தப்புன்னு சொல்லிட்டாங்க. அவங்க எழுதினதைச் சொல்றேன்" என்றேன். முழங்காலை மடக்கிக்கொண்டேன்.

பெரியவர் பாதி எழுந்தார். "பாப்பா, இது யார்கிட்ட கேட்டுப் பேசுற?"

"எங்கம்மாகிட்ட."

அவர் நின்றபடியே நின்றார், உட்காரவும் இல்லை, வரவும் இல்லை. நான் ஆரம்பித்தேன். கடைசி வரிசையில் காது கேட்காத தையல்காரத் தாத்தா இருக்கிறாரே, அவர் நடுவில் பெருங்குரலில், "எத்தனைங்குது பொண்ணு?" என்றார். பக்கத்தில் யாரோ அவரை அமுக்கினார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "ஏழு தாத்தா! ஏழு!" என்று கத்தினேன். முன்வரிசையில் ஒரு பொடியன், "ஏழு" என்று தானும் சொன்னான். அவனுக்கு என் அம்மா யார் என்றே நினைவிருக்காது. எண்ணக் கற்றுக்கொள்கிற வயசு.

உங்கள் வாக்கியம் வந்தது. நீங்கள் எழுதிய மாதிரியே சொன்னேன். சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. அது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன் என்று தெரிவிக்கிறேன்.

அப்பா அதுவரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கணவர் என் பக்கத்தில் நின்று பாடுவார்" என்ற இடம் வந்தபோது தலை நிமிர்ந்தது. என் முகத்தைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. என் வாயைப் பார்த்தார், அடுத்த வார்த்தை அதிலிருந்து எப்படி வருகிறது என்று. நான் முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. பெரியவர், "பாடலுக்கு எழுந்து நிற்போம்" என்றார், எல்லோரும் எழுந்தார்கள். அப்பா எழுந்து நின்றார். பாடவில்லை.

தகட்டை அடிக்கவில்லை. வெளியே வரும்போது பெரியவர் என்னிடம், "வெட்டியாச்சு, இனி என்ன பண்றது?" என்றார். "அடிச்சீங்கன்னா ஒவ்வொரு ஞாயிறும் வந்து அது மேல ஏழுன்னு சாக்பீஸ்ல எழுதுவேன்" என்றேன். நான்தான் சொன்னேனா என்று இப்போது நினைத்தால் எனக்கே நம்பிக்கையாக இல்லை. அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் திட்டினார். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு, "நல்லா சத்தமாத்தான் பேசின" என்றார்.

அப்பா எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தார். வாசலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கடைசிப் பகுதி. அது எங்க இருந்துச்சு?"

"பெரியம்மாகிட்ட."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை. சாப்பிடவும் வரவில்லை. மணி பதினொன்றரை ஆகிறது. ஹாலில் விளக்கு எரிகிறது. அவர் நடப்பது கேட்கிறது, நிற்பது கேட்கிறது. நான்கு நாளாக இருந்தாலும் சரி, நாற்பது நாளாக இருந்தாலும் சரி, பேசாமல் இருக்கட்டும். நான் சொன்னதைத் திரும்பப் பெறமாட்டேன். அம்மா தப்பைத்தான் திரும்பப் பெற்றாள். இது தப்பு இல்லை.

நீங்கள் அடுத்த ஞாயிறு வாருங்கள். கூடத்துக்கு இல்லை, இங்கே, வீட்டுக்கு. வாசலில் யார் நின்று தடுத்தாலும் நான் திறப்பேன். புதைகுழி அருகில் சொன்னதை எழுத முடியவில்லை என்றால் நேரில்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அத்தை தட்டமாட்டார், கூப்பிடுவார். அப்பா நேராகத் திறந்துகொண்டு வருவார். இந்த வீட்டில் என் கதவை யாரும் இதுவரை தட்டியதே இல்லை.

மறுபடியும். "முழிச்சிருக்கியா?" அப்பாதான். "உள்ள வரலாமா?"

கடிதத்தை ஒளிக்கமாட்டேன், பெரியம்மா. விளக்கையும் அணைக்கமாட்டேன். இப்படியே மேசைமேல் விட்டுவிட்டு நான் போய்க் கதவை